வளர்த்தவருக்கு என்ன கூலி?

குளுவாங்கை அடுத்த தோட்டமொன்றில் சில காலத்துக்கு முன் நடைபெற்ற வாசகர் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். கூட்டம் முடியும் தறுவாயில், நாற்பது ஆண்டுகள் பால் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, "ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்" என்று தொடங்கினார்.

"என் மகன் ஜொகூர் பாருவில் ஒரு சாமான் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். மாதம் 1,800 வெள்ளி. இப்போது பாலத்தைத் தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் அதே வேலையைச் செய்கிறான். அங்கேயும் 1,800 வெள்ளிதான். ஆனால் அந்த வெள்ளி வேறு வெள்ளி. இங்கே கொண்டுவந்து மாற்றினால் மூன்று மடங்குக்கு மேலாகிறது. மூட்டையும் மூட்டைதான், முதுகும் அதே முதுகுதான். அந்தப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவன் உடம்பில் என்ன ஐயா ஏறிவிட்டது?"

கூட்டத்தில் சிலர் நகைத்தனர். நமக்கோ நகைப்பு வரவில்லை. நாணய மாற்று, சந்தை, தேவை என்று ஏதோ சில சொற்களைச் சொல்லி அன்று நாம் உட்கார்ந்துவிட்டோம். அம்மறுமொழி அவரைத் திருப்தி செய்யவில்லை. நம்மையும் திருப்தி செய்யவில்லை. பெரியவர் கேட்டது பொருளாதாரக் கேள்விபோலத் தோன்றினும், உண்மையில் அது நியாயத்தைப் பற்றிய கேள்வி. நாட்டுக்கு நாடு செல்வம் ஏறியும் இறங்கியும் இருப்பதால் உண்டாகும் லாபம் யாரைச் சேர்கிறது, அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே அதன் உட்பொருள். அன்று சொல்லத் தவறியதை இன்று இங்கே ஆராய்வோம்.

பாலமும் இரு வெள்ளிகளும்

ஜொகூர் நீரிணையின் மீதுள்ள பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான நீளம் உடையது. 1923-ம் ஆண்டில் அதன்மீது ரயில் ஓடத் தொடங்கிற்று. 1924-ம் ஆண்டு ஜூன் மாதம் அது முறைப்படி திறக்கப்பட்டது. 1942-ம் ஆண்டு ஜனவரி இறுதியில், பின்வாங்கிய பிரிட்டிஷ் சேனை அதில் ஒரு பகுதியைத் தகர்த்தது. ஜப்பானியர் அதைச் செப்பனிட்டுக் கடந்து சென்றனர். 1965-ம் ஆண்டில் சிங்கப்பூர் மலேசியாவினின்றும் பிரிந்தது. 1967-ம் ஆண்டில் பாலத்தின்மேல் குடிநுழைவுச் சோதனை வந்தது. 1973-ம் ஆண்டு மே மாதம் வரையில் இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கொன்று சரிசமமாக மாறிக்கொண்டன. அவ்வேற்பாடு நீங்கிய பிறகு இரண்டும் தனித்தனி வழியே சென்று, இன்று சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கொடுக்கவேண்டியிருக்கிறது.

விடியற்காலம் நான்கு மணிக்கு ஜொகூர் பாருவின் சோதனைச் சாவடிப் பக்கம் சென்று பார்ப்பவர்கள், இவ்வேற்றத்தாழ்வைக் கண்ணாலேயே காணலாம். மோட்டார் சைக்கிள்கள் வெள்ளம்போல் பாய்கின்றன. பஸ்ஸுக்கு நிற்கும் வரிசை மடிப்பு மடிப்பாக நீள்கிறது. நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் இரு திசையிலும் கடப்பதாகக் கணக்கு. இவர்களுள் ஒரு பெரும்பகுதியினர் நம் நாட்டு உழைப்பாளிகள். மாசாய், ஸ்கூடாய், கெம்பாஸ், உலு திராம் ஆகிய இடங்களில் உறங்கி, அக்கரையில் உழைத்து, மீண்டும் இக்கரைக்கே உறங்க வருகிறவர்கள்.

மூன்று மறுமொழிகள்

பெரியவரின் கேள்விக்குப் பொதுவாக மூன்று மறுமொழிகள் சொல்லப்படுவதுண்டு. முதலாவது, "அந்நாட்டார் நம்மைவிடத் திறமைசாலிகள்; ஆகையால் அவர்களுக்குக் கூலி அதிகம்" என்பது. ஆனால் இங்கே ஆள் ஒருவனே. திங்கட்கிழமை இக்கரையில் மூட்டை சுமந்தவன் செவ்வாய்க்கிழமை அக்கரையில் சுமக்கிறான். ஓரிரவில் ஒருவனுக்குத் திறமை மும்மடங்காகப் பெருகும் என்று பகுத்தறிவுடையோர் எவரும் சொல்லார்.

இரண்டாவது, "அங்கே வாடகையும் சாப்பாடும் விலை அதிகம்; அதற்கேற்பக் கூலியும் அதிகம்" என்பது. அங்கேயே குடியிருப்போர் திறத்தில் இதில் உண்மை உண்டு. ஆயினும் பெரியவரின் மகன் ஜொகூர் பாருவிலே வாடகை கொடுத்து ஜொகூர் பாருவிலே அரிசி வாங்குகிறான். அவனுக்கு இச்சமாதானம் பொருந்தாது.

மூன்றாவது மறுமொழி நம்மவர் வாயில் எப்பொழுதும் தயாராக இருப்பது: தலையெழுத்து. மனிதனுக்குத் தலையெழுத்து உண்டென்று நம்பிப் பாழானது போதாதென்று, நாடுகளுக்கும் தலையெழுத்து உண்டென்று நம்பத் தொடங்கிவிட்டோம். 1973-ம் ஆண்டு மே மாதத்துக்கு முன் இரு வெள்ளிக்கும் ஒரே மதிப்பு என்றால், அதற்குப் பின் அதை மாற்றி எழுதியது எந்தப் பிரமன்? துறைமுகம், பள்ளிக்கூடம், நீதிமன்றம், வரி, கடன், உடன்படிக்கை ஆகியவற்றில் மனிதர் செய்த முடிவுகளே அதை மாற்றின. மனிதர் செய்ததை மனிதர் ஆராயலாம். ஆராய்ந்து திருத்தவும் செய்யலாம்.

உண்மையான மறுமொழி இதுதான்: கூலி என்பது பெரும்பாலும் ஆளின் விலையன்று, இடத்தின் விலை. அக்கரையில் மூட்டை தூக்குகிறவன் பின்னால் ஒரு பெருந்துறைமுகம் நிற்கிறது. பல தேசத்துக் கப்பல்கள் நிற்கின்றன. வங்கிகளும் பொறிகளும் ஒழுங்கான சட்டமும் நிற்கின்றன. அவற்றின் பலம் அவன் தோளில் சேர்கிறது. அவ்வமைப்புகளில் பெரும்பகுதியைச் சிங்கப்பூர் மக்கள் தம் முயற்சியால் கட்டினர் என்பதை மறுப்பது அழுக்காறாகும். அதே சமயத்தில், அத்துறைமுகம் கொழுத்தது வெறுங்காற்றை உண்டு அன்று என்பதையும் மறக்கலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரின் கம்பீரும் மிளகும், பின்னர்த் தீபகற்பத்தின் ரப்பரும் அதன் வழியாகவே உலகச் சந்தைக்குச் சென்றன. கரை ஒன்றின் செல்வத்தில் மறுகரையின் வியர்வையும் கலந்தே இருக்கிறது.

ரிக்கார்டோவின் கணக்கு

நாடுகள் ஒன்றோடொன்று வர்த்தகம் செய்வது இரு தரப்புக்கும் நன்மையே என்று 1817-ம் ஆண்டில் டேவிட் ரிக்கார்டோ என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் எழுதினார். அவர் காட்டிய உதாரணம் பிரசித்தமானது. ஒரு குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் 100 ஆட்களின் ஓராண்டு உழைப்பும், போர்த்துகலில் 90 ஆட்களின் உழைப்பும் வேண்டும். ஒரு குறிப்பிட்ட அளவு திராட்சை மது செய்ய இங்கிலாந்தில் 120 ஆட்களும், போர்த்துகலில் 80 ஆட்களும் வேண்டும். இரண்டிலும் போர்த்துகலே கைதேர்ந்தது. எனினும் போர்த்துகல் மதுவை மட்டும் செய்து, துணியை இங்கிலாந்திலிருந்து வாங்கிக்கொண்டால் இரு நாட்டுக்கும் லாபம் என்பது அவர் கணக்கு.

கணக்கில் பிழையில்லை. ஆனால் அக்கணக்குக்கு ஓர் அஸ்திவாரம் உண்டு. முதலும் ஆளும் ஒரு நாட்டைவிட்டு மற்றொரு நாட்டுக்கு எளிதில் போகமாட்டா என்று ரிக்கார்டோ கொண்டார். மது கப்பலேறும், மது செய்பவன் கப்பலேறான். நம் நாட்டு நிலைமை நேர்மாறானது. நமது முன்னோர் காலத்திலேயே லண்டன் நகரத்து முதல் இங்கே வந்து காட்டை அழித்தது. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு ஆகிய ஜில்லாக்களிலிருந்து ஆள் வந்து மரம் நட்டது. சரக்கோடு மனிதனும் கப்பலேறிய கதை நம்முடையது. மனிதன் கப்பலேறும்போது, ரிக்கார்டோவின் கணக்கில் இல்லாத ஒரு புதிய செலவு தோன்றுகிறது. அம்மனிதனை வளர்த்த செலவே அது.

தண்ணீருக்கு விலை உண்டு

பாலத்தின் ஓரமாகப் பெரிய குழாய்கள் செல்வதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். 1962-ம் ஆண்டு உடன்படிக்கையின்படி, ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரையில் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் உரிமை சிங்கப்பூருக்கு உண்டு. விலை, ஆயிரம் கேலனுக்கு 3 காசு. சுத்தம் செய்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது ஆயிரம் கேலனுக்கு 50 காசு கொடுக்கிறது. உடன்படிக்கை 2061-ம் ஆண்டு வரை செல்லும். "மூன்று காசு என்ன நியாயம்?" என்று இக்கரையார் கேட்கின்றனர். "சுத்தம் செய்ய எங்களுக்கு ஆகும் செலவு 50 காசைவிட மிக அதிகம், கையெழுத்திட்ட விலையை ஒரு தரப்பு தானே மாற்ற முடியாது" என்று அக்கரையார் சொல்கின்றனர். எந்தப் பக்கம் நியாயம் அதிகம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. நாம் கவனிக்க விரும்புவது வேறொன்று.

தண்ணீருக்கு ஒரு விலை எழுதப்பட்டிருக்கிறது. அது குறைவோ நிறைவோ, அதைப் பற்றி வாதாட இரு சர்க்கார்களுக்கும் ஒரு காகிதம் இருக்கிறது. ஆனால் குழாய்க்குப் பக்கத்திலேயே மோட்டார் சைக்கிளில் செல்லும் அந்த இளைஞனைப் பற்றி எந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? அவன் தாய் அவனை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பனியில் மரம் வெட்டப் போனாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் அவனுக்கு எழுத்தறிவித்தது. அரசாங்க ஆஸ்பத்திரி அவனுக்குத் தடுப்பூசி போட்டது. இருபது ஆண்டுகள் ஒரு குடும்பமும் ஒரு நாடும் அவனுக்குச் சோறிட்டு, கல்வியளித்து, நோய் தீர்த்து, உழைக்கத் தக்கவனாக்கின. ஆக்கி முடித்த மறுநாள் அவன் பாலத்தைக் கடக்கிறான். அவனை வேலைக்கு அமர்த்துவோர், வேலை அனுமதிச் சீட்டு உடையவனாயின், மாதந்தோறும் ஒரு தலைவரி கட்டுகின்றனர். அவ்வரி எங்கே போகிறது? சிங்கப்பூர்க் கஜானாவுக்கு. வளர்த்த தோட்டத்துக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, தாய்க்கோ அதில் ஒரு காசும் வருவதில்லை.

தண்ணீருக்கு மூன்று காசாவது உண்டு. வளர்த்தெடுத்த மனிதனுக்கு அதுவும் இல்லை.

நம் முன்னோர் கற்ற பாடம்

இது நமக்குப் புதியதன்று. 1907-ம் ஆண்டில் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தோட்டக்காரரிடம் ஆள் கணக்குப்படி பணம் வாங்கி, தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கப்பலில் கொண்டுவரும் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. கொண்டுவரப்பட்டவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆட்கள். அவர்களைப் பெற்று வளர்த்த செலவு காவிரிக் கரையிலும் வானம் பார்த்த சேலத்து மண்ணிலும் முன்னமே தீர்ந்துபோயிருந்தது. தோட்டக்காரர் கையில் விளைந்த பயிர் மட்டும் வந்து சேர்ந்தது.

பிறகு சந்தை சரிந்தது. 1910-ம் ஆண்டில் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1932-ம் ஆண்டில் 3 பென்சுக்கும் கீழே இறங்கிற்று. அமெரிக்காவில் மோட்டார் வண்டி விற்பனை குறைந்ததற்கு ஜொகூர்க் காட்டில் பால் வெட்டுகிறவன் என்ன செய்வான்? தரக்கூலி வகுக்கப்பட்டிருந்த பகுதிகளில் ஆணுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி, 1930-ம் ஆண்டில் 40 காசாயிற்று. பெண்ணுக்கு 40 காசு 32 ஆயிற்று. அதற்கும் வேலையில்லாத பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு மீண்டும் கஞ்சி வார்த்தது யார்? அவர்களை வளர்த்த அதே ஏழைக் கிராமம். உழைப்பாளியின் பாலப் பருவத்துக்கும் பஞ்ச காலத்துக்கும் கிராமம் பொறுப்பு. நடுவிலுள்ள நல்ல காலம் மட்டும் தோட்டத்துக்கு என்பதே அன்றைய உலக வர்த்தகத்தின் எழுதாச் சட்டம். 1938-ம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தோட்டங்களுக்கு உதவிப் பணத்தில் ஆள் அனுப்புவதைத் தடுத்தது. அதற்குள் அச்சட்டம் தன் வேலையை நன்றாகச் செய்து முடித்திருந்தது.

நடுப்படியில் நிற்கும் நாம்

இதுவரையில் வாசித்த அன்பர்கள், "ஆம், நமக்கு இழைக்கப்பட்டது அநீதியே" என்று தலையசைத்திருப்பார்கள். அவ்வளவோடு நிறுத்தினால் நமக்குப் பாராட்டுக் கிடைக்கும். ஆயினும் உண்மை பாதியிலே நின்றுவிடும்.

ஜொகூர் பாருவில் நாம் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையொன்று உண்டு. ஒருநாள் காலையில், அக்கரையில் இரவு வேலை முடித்துத் திரும்பிய நம் தமிழ் இளைஞர் ஒருவர் நம் எதிரே வந்தமர்ந்தார். "அங்கே என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை ஐயா. 'மலேசியா, இங்கே வா' என்கிறார்கள்" என்று மனம் நொந்து சொன்னார். சொல்லி முடித்த மூச்சிலேயே கடையின் உட்புறம் திரும்பி, "டேய் பங்களா, தேத்தண்ணி எங்கே?" என்று கூவினார்.

தேநீரைக் கொண்டுவந்து வைத்தவர் வங்காள தேசத்து இளைஞர். "தம்பி, இவர் பெயர் என்ன?" என்று நாம் கேட்டோம். நம்மவர் விழித்தார். ஓராண்டாக நாள்தோறும் அவர் கையால் தேநீர் பருகியும் பெயர் தெரியவில்லை. சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "கேட்டதில்லை ஐயா" என்றார். அவரை இடித்துரைக்க நமக்கு மனம் வரவில்லை. ஏனெனில் நாமும் அன்றுதான் முதன்முதலாக அப்பெயரைக் கேட்டோம்.

உலக வங்கியின் கணக்குப்படி, 2024-ம் ஆண்டில் ஆள் ஒருவருக்கு ஆண்டு உற்பத்தி, சிங்கப்பூரில் ஏறக்குறைய 90,000 அமெரிக்க டாலர்; மலேசியாவில் ஏறக்குறைய 12,000; வங்காள தேசத்தில் ஏறக்குறைய 2,600. இது ஓர் ஏணி. நாம் அதன் நடுப்படியில் நிற்கிறோம். மேற்படியைப் பார்த்து முறையிடுகிறோம். நம் பாதம் எதன்மேல் இருக்கிறதென்று குனிந்து பார்ப்பதில்லை. நம் பாட்டன் வெட்டிய ரப்பர் மரம் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அவன் குடியிருந்த லயத்தில் இன்று இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் நேப்பாளியரும் குடியிருக்கின்றனர். அவர்களை வளர்த்த செலவு அவர்களுடைய கிராமங்களின் செலவு. அவர்கள் பேரில் வாங்கப்படும் தலைவரி மலேசியக் கஜானாவின் வரவு. சிங்கப்பூரைப் பற்றி நாம் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் நம்மைப் பற்றிச் சொல்லலாம். சொல்லாமலிருப்பது, சொன்னால் வேலை போய்விடும் என்னும் அச்சத்தாலேயே.

பிறப்பினால் வந்த உயர்வு

பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன், பிறப்பினால் ஒருவன் தாழ்ந்தவன் என்பதை அறிவுடையோர் ஏற்பதில்லை. தோட்டத்துக் கிணற்றிலும் கோயிலிலும் அதை எதிர்த்து நின்ற சமூகம் நம்முடையது. ஆனால் ஆற்றின் இக்கரையில் பிறந்தால் ஒரு விலை, அக்கரையில் பிறந்தால் ஒரு விலை என்பதும் பிறப்பினால் வந்த உயர்வு தாழ்வே அல்லவா? ஜாதிக்குச் சாஸ்திரம் சாட்சி. இதற்குக் கடவுச்சீட்டு சாட்சி. உலக மக்களின் வருமான வேற்றுமையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு, அவர்கள் எந்த நாட்டில் வாழ்கின்றனர் என்பதைக் கொண்டே விளங்குகிறது என்று பிராங்கோ மிலானோவிச் என்னும் பொருளியலறிஞர் 2015-ம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். பெரும்பாலோர் பிறந்த நாட்டிலேயே வாழ்வதால், அது பிறப்பின் கணக்கென்றே கொள்ளலாம். உழைப்பும் ஒழுக்கமும் படிப்பும் மிஞ்சிய பங்கில்தான் போட்டியிடுகின்றன.

நாடுகள் எல்லாம் ஒரே நாளில் சமமாகிவிடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எல்லைகளை இன்றே அழித்துவிடுக என்றும் சொல்லவில்லை. ஏற்றத்தாழ்வு இருப்பது வேறு. அதைக் கொண்டு மனிதனின் தகுதியை அளப்பது வேறு. முன்னதை மாற்றக் காலம் பிடிக்கும். பின்னதை இன்று காலை தேநீர்க் கடையிலேயே நிறுத்திவிடலாம்.

மறுப்புரைகள்

"வருகிறவன் விரும்பித்தானே வருகிறான்? அவன் ஊரில் கிடைப்பதைவிட இங்கே அதிகம் கிடைக்கிறதே" என்று சிலர் மறுப்பர். உண்மையே. நம் முன்னோரும் விரும்பியே வந்தனர். பஞ்சம் துரத்தும்போது மனிதன் விரும்பாத வழி எது? ஒரு பேரத்தில் இருவருக்கும் லாபம் என்பதால் அப்பேரம் நியாயமானது என்று ஆகிவிடாது. தாகத்தால் தவிப்பவனுக்கு ஒரு குவளைத் தண்ணீரை நூறு வெள்ளிக்கு விற்றாலும் இருவருக்கும் லாபமே.

"அவன்தான் மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புகிறானே, வளர்த்த கடன் தீர்ந்ததே" என்பர் வேறு சிலர். அனுப்புவது அவன் கூலி. அவன் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தது. தன் கடனை அவன் தீர்க்கிறான். அவன் உழைப்பால் கொழுத்தவரின் கடன் அப்படியே நிற்கிறது.

"இக்கடனை வசூலிக்க வழி ஏது?" என்பது மூன்றாவது மறுப்பு. வழி தேடியவர்கள் உண்டு. கல்வி பெற்றோர் ஏழை நாட்டைவிட்டுப் பணக்கார நாட்டுக்குச் செல்லும்போது, அங்கே அவர்கள் பெறும் வருமானத்தில் ஒரு சிறு வரி விதித்து, அதை வளர்த்த நாடுகளின் நன்மைக்குச் செலவிடலாம் என்று ஜகதீஷ் பகவதி என்னும் இந்தியப் பொருளியலறிஞர் 1970-களில் யோசனை சொன்னார். அப்பணத்தை ஊழல் மிகுந்த அரசாங்கங்கள் விழுங்கிவிடும் என்ற ஐயம் நியாயமானதே. அதற்குப் பரிகாரம் பணத்தைப் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நேரே சேர்க்கும் ஏற்பாடு. கடனை மறுப்பது பரிகாரமாகாது. ஆளைக் கொண்டுவர 1907-ம் ஆண்டிலேயே ஒரு நிதி திரட்ட முடிந்ததென்றால், ஆளை வளர்த்தவருக்காக ஒரு நிதி திரட்ட இன்று முடியாதா?

முடியாது என்று சொல்லப்பட்டவை முடிந்ததுண்டு. வேலை பெறுவதற்காகத் தரகர்களுக்குத் தொழிலாளர் கொடுத்த பெருந்தொகையை முதலாளி திருப்பிக் கொடுப்பது நடவாத காரியம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். 2020-ம் ஆண்டு ஜூலையில், மலேசியாவின் பெரிய ரப்பர் கையுறைக் கம்பெனியாகிய டாப் குளோவின் சரக்கைக் கட்டாய உழைப்புச் சந்தேகத்தின்பேரில் அமெரிக்கா துறைமுகத்தில் தடுத்தது. அக்கம்பெனி தொழிலாளருக்குப் பல கோடி வெள்ளி திருப்பிக் கொடுத்தது. 2021-ம் ஆண்டு செப்டம்பரில் தடை நீங்கிற்று. அமெரிக்கா தர்மவானென்று நாம் சொல்லவில்லை. வாங்குகிறவன் கதவைச் சாத்தினால், நடவாதது ஓராண்டுக்குள் நடந்துவிடுகிறது என்பதே இதிலுள்ள பாடம்.

நாம் செய்யத் தக்கவை

2025-ம் ஆண்டு ஜனவரி 7-ம் தேதி, ஜொகூர் சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு இரு அரசாங்கங்களும் உடன்படிக்கை செய்துகொண்டன. முதல் ஐந்தாண்டுகளில் 50 திட்டங்கள், 20,000 தேர்ச்சித் தொழில்கள் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. நல்லதே. ஆயினும் ஜொகூர் என்றால் மலிவான நிலம், மலிவான கை என்று மட்டும் கருதி முதல் வருமானால், பழைய தோட்டத்துக்குப் புதிய பெயர் வைத்ததாகவே முடியும். மண்டலத்தால் லாபமடைவோர் இவ்வூர்ப் பிள்ளைகளின் தொழிற்கல்விக்கு என்ன பங்கு செலுத்துவர் என்று நம் பிரதிநிதிகள் கேட்கவேண்டும். கேட்கத் தூண்டுவது வாக்காளராகிய நம் கடமை.

அரசாங்கங்கள் செய்யும்வரையில் காத்திராமல் நாமே செய்யத் தக்கவையும் உண்டு. அக்கரையில் சம்பாதிக்கும் அன்பர்கள், தம்மைப் படிக்கவைத்த தோட்டப் பள்ளிக்கூடத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நினைத்து, தம்மாலானதைச் செய்வார்களாக. கடையும் தொழிலும் நடத்தும் அன்பர்கள், வெளிநாட்டுத் தொழிலாளியின் கடவுச்சீட்டைத் தம் பெட்டியில் வைத்துப் பூட்டாதிருப்பார்களாக. அவனை அழைத்து வரும் செலவைத் தாமே ஏற்பார்களாக. 2025-ம் ஆண்டு முதல் சட்டம் வகுத்துள்ள 1,700 வெள்ளிக் குறைந்தபட்சக் கூலி அவனுக்கும் உரியதென்பதை மறவாதிருப்பார்களாக. இவற்றுள் எதையும் செய்ய வசதியில்லாதவர்கள், அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்பெயரால் அழைப்பார்களாக. அதற்குக் காசு வேண்டியதில்லை.

குளுவாங் பெரியவருக்கு அன்று சொல்லத் தவறிய மறுமொழியைச் சொல்லி முடிப்போம். ஐயா, பாலத்தைத் தாண்டுவதற்குள் தங்கள் மகன் உடம்பில் ஒன்றும் ஏறவில்லை. அதே முதுகுதான். இக்கரையில் அது பெற்றதும் அதன் முழு விலையன்று. அக்கரையில் பெறுவதும் அதன் முழு விலையன்று. அம்முதுகை நிமிர்த்தி வளர்த்த தங்கள் கூலி எந்த வெள்ளியிலும் இன்னும் கணக்கெழுதப்படவில்லை. அதைக் கேட்கத் தங்களுக்கு உரிமை உண்டு. கேட்கும்போது, தங்கள் பழைய லயத்தில் இன்று குடியிருக்கும் அந்நிய இளைஞனின் தகப்பனாரும், எங்கோ ஒரு வங்காளக் கிராமத்தில், அதே கேள்வியை நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.